ஏழாம் எண் கம்பம்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் பகுதியை விட்டுவிடுகிறேன். தட்டில் போட்டதைத் தொடாமல் எழுந்து, கதவை அறைந்துவிட்டுப் போகிற தெம்பு இருப்பவன் நலமாகத்தான் இருப்பான். தாழ்ப்பாள் கழன்று தொங்குகிறது. போனில் பேசலாமென்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி உன்னோடு எனக்கு எழுத்துதான்.

அன்று நீ சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல. நீதான் அவர நோயாளி ஆக்கி மூலையில உக்கார வைக்கப் பாக்கற." மாதத்துக்கு ஒருமுறை மத்தியானம் வந்து சாயங்காலம் போகிறவனுக்கு அப்படித்தான் தெரியும். உன் எதிரில் அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். நீ போனதும் குளியலறை எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்பார். மறதி நோய் என்று டாக்டர் சொன்னது என் கற்பனை இல்லை. சைக்கிளில் தனியாக விடக்கூடாது என்று சொன்னதும் டாக்டர்தான்.

டாக்டர் பேச்சைக் கேட்டு, நீ போன மறுநாளே சைக்கிளைக் கடைக்குப் பின்னால் பூட்டி வைத்தேன். நாலு நாள். நாலு நாளும் காலை எட்டு மணிக்குத் தொப்பியோடு கடைவாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "வண்டி இன்னும் ஒர்க் ஷாப்லேருந்து வரலியாம்மா?" பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை. வாடகை சைக்கிள் எடுக்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஐந்தாம் நாள் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்துவிட்டு, கடையைச் சாத்திவிட்டு, இன்னொரு சைக்கிளில் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். கால்வாய்க் கரையில் அரைக் கிலோமீட்டர் தள்ளி வந்தாலும் ஆள் தெரியும், அவ்வளவு தட்டையான பூமி. முப்பத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டிய மனுஷன். யாருமே இல்லாத பாதையில் கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார். பின்னால் ஒரு வாத்துகூட இல்லை. சைக்கிள் பாதை பிரிகிற இடமெல்லாம் நட்டிருக்கும் ஒவ்வொரு நம்பர் கம்பத்திலும் நின்றார், தகட்டைப் படித்தார், அடுத்த எண்ணுக்கான அம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போனார். இருபத்திரண்டு கிலோமீட்டரில் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. வீட்டுக்குள் வழி தெரியாதவருக்கு வெளியே தெரிகிறது. எனக்கு அழுகையாக வந்தது.

ஆகவே அவர் போகட்டும். ஒரு அட்டையில் 14 – 31 – 7 – 52 – 14 என்று கொட்டை எழுத்தில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டியிருக்கிறேன். "ட்ரிப் ஷீட் வந்துடுச்சா?" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அந்த எண்களைப் போட்டது உன் ஆபீஸ். அவை மாறாமல் இருக்கும்வரைதான் அப்பா போய்விட்டுத் திரும்பி வருவார். எண்ணோ அம்போ எது மாறினாலும் முன்கூட்டியே எனக்கு எழுது. அவரிடம் சொல்லாதே, என்னிடம் சொல். இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

தாழ்ப்பாளுக்கு மன்னிப்பு. மற்றதற்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த எண்களைப் போட்டது "என் ஆபீஸ்" இல்லை, நான். கரைப்பாதைப் பிரிவில் ஜன்னலோரம் நாலாவது மேஜை. உன் கடைவாசல் கம்பத்துக்கு 14 என்று பெயர் வைத்தபோது ஆபீஸில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. அப்பா கடைசியாக ஓட்டிய பஸ்ஸின் ரூட் நம்பர் அது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, அவருக்கு இருந்தது. பார்த்த அன்றைக்கே சிரித்தார்.

அந்த வட்டத்தை நான் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மூன்று நாள் நடந்து போட்டேன். ஒரு மோட்டார் வண்டிகூட ஏற முடியாத கரையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். தார் ரோட்டைக் கடக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, 52க்கு முன்னால் உள்ள சின்னப் பாலம். அங்கேயும் தடுப்புக் கம்பி வைக்கச் சொல்லி ஏழு மாதம் மேலதிகாரி பின்னால் அலைந்தேன். வாழ்நாள் முழுக்க ஹார்னுக்கும் லாரிக்கும் நடுவில் கிடந்தவர் எஞ்சிய காலத்திலாவது நிம்மதியாக ஓட்டட்டும் என்று செய்தது. வெளியூரிலிருந்து பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிற பயணிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நோய் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். டாக்டருக்கு அவரைப் பதினைந்து நிமிஷம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் என்னோடு பேசும்போது எந்த டிப்போவில் எந்த வருஷம் எந்த எஞ்சின் என்று அட்சரம் பிசகாமல் சொல்கிறார். நீ பக்கத்திலேயே நின்று தப்பு எண்ணிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தடுமாறாது? என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ சமைத்தால் உனக்கே உப்பு கூடும்.

சரி. எது மாறினாலும் உனக்கு முன்கூட்டியே எழுதுகிறேன். வாக்கு.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

வாக்குக்கு நன்றி. உப்பு பற்றிய கருத்துக்கு நன்றி இல்லை.

வண்டி தினமும் காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறது, பத்து நாற்பதுக்கு வந்து சேர்கிறது. அவருக்கு நான் இப்போது டைம் கீப்பர். சல்யூட் வைத்துவிட்டுப் போவார், வந்ததும் சல்யூட் வைப்பார். நான் வாடகைக்கு விடும் மாடி அறைகளில் தங்குகிற பயணிகளுக்கு அவர்மேல் உயிர். ஒரு கிழவனும் கிழவியும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கரையோரமாகவே மிதித்து வந்தவர்கள், அப்பாவுக்குப் பின்னால் ஒரு நாள் போனார்கள். "முன்னால போங்க, உள்ள இடம் இருக்கு" என்று அவர்களைப் பாதை முழுக்க அதட்டினாராம். திரும்பி வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது சிரிக்காத பகுதி. சோப்பு குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. என் கடை போன் நம்பரை அவர் சட்டைக் காலரில் தைத்து வைத்தேன், பிளேடால் அறுத்து எறிந்துவிட்டார். "லக்கேஜுக்குத்தான் சீட்டு கட்டுவாங்க" என்றார். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, போன வாரம் அம்மா வந்துவிட்டாளா என்று கேட்டார். முதல்நாள் உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல் அழுதார். மறுநாளும் கேட்டார். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் அவர் எது சொன்னாலும் "சரிப்பா" என்று சொல்லப் பழகிவிட்டேன். டாக்டரும் அதைத்தான் சொன்னார், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று. ஒரு நாளைக்கு நூறு சரிப்பா. வாய் தன்னால் சொல்கிறது.

உன்னை மட்டும் மறக்கவில்லை. "கண்டக்டர் எங்க?" என்று கேட்கிறார். சின்ன வயதில் அவரோடு பஸ்ஸில் ஏறி டிக்கெட் கிழித்த நாளிலிருந்து நீதானே அவர் கண்டக்டர்! ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. ஒரு வாரம் இருந்து பார்த்தால் நானே பேச வேண்டியிருக்காது. கல்யாணம் முறிந்து வந்த பெண் அப்பாவோடு இருக்கிறாள், அவளே பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் எளிதாக நினைத்துவிட்டீர்கள். எனக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

அக்கா


மே 9

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். வர முடியவில்லை. பக்கத்து மாவட்டத்தின் கரைப்பாதைகளையும் எங்கள் பாதைகளையும் ஒன்றாக இணைக்கிறார்கள். நடுவில் இரண்டு நடைபாலம் கட்டியாகிவிட்டது. ஒரே எண் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதைப் பிரித்து எடுப்பதற்குள் எனக்குத் தலை வெடிக்கிறது. ஜூன் முடிந்ததும் கட்டாயம் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு முக்கால் மணி நேரம் பேசினேன். எவ்வளவு தெளிவு! உனக்குத்தான் ஓய்வு வேண்டும் என்று நினைக்கிறேன். கோபிக்காதே.

தம்பி


ஜூன் 22

ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பா கண் திறந்து "கண்டக்டர்" என்றார், நீ அழுதாய். என் முகத்தை மட்டும் பார்க்காமல் ஓடிவிட்டாய். ஏன் என்று நேற்று தெரிந்தது.

நேற்று அப்பாவைப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் போன வழியில் நானும் போனேன். 31ஆம் கம்பத்தில் புதுத் தகடு. ஆணி இன்னும் பளபளக்கிறது. இடப்பக்கம் முன்பு 7 என்று இருந்த அம்பில் 70 என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வலப்பக்கம், உன் புது நடைபாலத்தின் மேல், 7.

வலப்பக்கமே போனேன். அந்த 7க்குப் போனால் அடுத்து 9, 18, 26. அப்பாவின் அட்டையில் 7க்கு அடுத்து 52. அந்தப் பக்கம் 52 என்ற எண்ணே கிடையாது. அவர் அதைத் தேடியிருக்கிறார். ஒவ்வொரு கம்பத்திலும் நின்று, படித்து, இல்லை என்று அடுத்ததற்குப் போயிருக்கிறார். நாற்பத்துமூன்று கிலோமீட்டர். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் வழி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவன் பாசஞ்சரிடம் வழி கேட்கலாமா என்றாராம். எழுபத்தாறு வயசு. பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் மறுநாள் காலை டியூட்டிக்கு வந்தபோது கரைக்குக் கீழே கல்படியில் கிடந்தாராம். தண்ணீர் குடிக்க இறங்கியிருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து, இரவெல்லாம் ஈரத்தில். அன்று ராத்திரி முழுக்க நான் தார் ரோட்டுப் பாலம் இருக்கிற 52 பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். சைக்கிள் மேலே ஸ்டாண்டு போட்டு, பூட்டி, ஒழுங்காக நின்றதாம்.

ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன். வாக்கு என்று எழுதினாய். அந்தக் கடிதம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஏன் எழுதவில்லை?


ஜூன் 30

அக்கா,

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். வேலை நெருக்கடி என்று நானே முன்பு எழுதியும் இருக்கிறேன். ஆனால் நான் மறக்கவில்லை.

மே 17, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவிடம் போனில் சொன்னேன். "அப்பா, ஜூன் பன்னண்டாம் தேதியிலேருந்து ஏழு கிடையாது. எழுபது. முப்பத்தொண்ணுல நின்னா எழுபதப் பாத்துப் போங்க." அவர் "டிப்போவுல ஆர்டர் போட்டாச்சா?" என்றார். போட்டாச்சு என்றேன். "ஏழு எழுபது. பன்னண்டு" என்று திருப்பிச் சொன்னார். அடுத்த ஞாயிறும் கேட்டேன், சரியாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உனக்கு வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மாற்றத்தை அவரே ஞாபகம் வைத்து, அவரே போய்விட்டு வந்துவிட்டால், அதற்கப்புறம் உனக்கு எழுதலாம் என்றிருந்தேன். "பார்த்தாயா, உன் நோயாளி எண் மாறியும் பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்தார்" என்று எழுத வரிகூடத் தயாராக வைத்திருந்தேன். உன்னை ஜெயிக்க அப்பாவுக்குப் பரீட்சை வைத்தேன். நான் செய்தது அதுதான். வேறு பெயர் எதுவும் அதற்கு எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நீ அட்டையை மாற்றி ஒட்டியிருப்பாய். அவ்வளவுதான் வேலை. அட்டையை மாற்ற ஒரு நிமிஷம் ஆகுமா?  எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ திட்டு.

தம்பி


ஜூலை 9

திட்ட எனக்கு நேரமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மாடி ஏற்ற முடியாது, அதனால் கடையில் ஒரு பக்கம் சைக்கிள்களை நகர்த்திவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறேன். எழுந்து உட்காரவே மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கட்டில் கம்பியை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிறார். காலை எட்டு மணிக்கு மட்டும் முழித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். எங்கே திரும்பிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வர வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டுமா என்று உன் வீட்டுக்காரி போன் செய்தாள், அவளிடமும் வேண்டாம் என்றேன். உன்னை இந்த வீட்டில் என்னால் பார்க்க முடியாது. எப்போது முடியும் என்று கேட்காதே.


ஜூலை 27

அக்கா,

வேலையை விட்டுவிட்டேன். தண்டனை என்று நினைக்காதே, இனி ஒரு கம்பத்துக்கும் எண் போட என்னால் முடியாது. போகும் முன் ஒன்று செய்தேன். எந்தக் கம்பத்தில் எண் மாற்றினாலும் பழைய எண்ணை ஒரு வருஷம் கீழே சின்னதாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். முன்பே ஏன் தோன்றவில்லை என்று மேலதிகாரி கேட்டார். 

புதன்கிழமை வந்தேன். உன் பேச்சை மீறக்கூடாது என்று இந்தப் பக்கம் வரவில்லை, கால்வாய்க்கு எதிர்க் கரையில் நின்றேன். கடைக் கதவு திறந்திருந்தது. நீ அப்பாவின் தலையை உன் தோளில் சாய்த்து ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாய். அவர் பாதியைத் துப்பினார், நீ துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தாய். எத்தனை ஸ்பூன் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொன்று. இதைத்தான் நீ இத்தனை நாளும் தனியாகச் செய்துகொண்டிருந்தாய், நான் போனில் எஞ்சின் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

நோய் இருந்தது அக்கா. நீ சொன்னதுதான் சரி. எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு நாள் அனுமதி கொடு. நீ மாடிக்குப் போய்விடு, நான் வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். என்னை நீ பார்க்க வேண்டாம். அவர் என்னைப் பார்க்கட்டும்.

தம்பி


ஆகஸ்ட் 31

தம்பி,

உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதாமலே அப்பா போய்விட்டார். கடைசி ஒரு வாரம் "கண்டக்டர் விசில் குடுக்கலியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இனி எதையும் மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

அப்பாவை எடுத்த அன்று அத்தனை பேர் முன்னால் உன்னைத் தடுத்தேன். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், சித்தப்பா, உன் மகள். "இவன்தான் எங்கப்பாவ வழி மாத்தி அனுப்பினவன், உள்ள விடாதீங்க" என்று கத்தினேன்.  சித்தப்பா உன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். போகும்போது உன் மகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது நான் எழுதப்போவதை அவளுக்கும் படித்துக் காட்டு.

மே மாதக் கடைசியில் அப்பா என்னிடம் சொன்னார். "ஏழு எழுபதாவுதும்மா. டிப்போவுல சொல்லிட்டாங்க." நான் சரிப்பா என்றேன். மறுநாளும் சொன்னார், சரிப்பா. எத்தனையோ தடவை சொன்னார். அம்மா வரவில்லையா என்று கேட்பதுபோல, பஸ் ஒர்க் ஷாப்பில் இருப்பதுபோல, இதுவும் ஒன்று என்று நினைத்தேன். டிப்போ என்ற வார்த்தையைக் கேட்டதுமே என் காது மூடிக்கொண்டது. கடைக் காலண்டரில் ஜூன் பன்னிரண்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். யாரோ வாடகைக்காரர் போட்டது என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி காலையில், நான் பஞ்சருக்குக் குறி போடுகிற மெழுகுப் பென்சிலை எடுத்து, அட்டையில் 7க்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டுவிட்டார். கை நடுங்காமல், நல்ல வட்டமாக. அவர் சரியாகத்தான் எழுதினார் தம்பி. நான் பார்த்தேன். ஐயோ, எழுபது என்று ஒரு கம்பமே இல்லையே, தேடிக்கொண்டு எங்கேயாவது போய்விடப்போகிறாரே என்று பதறி, அந்த அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினேன். 14 – 31 – 7 – 52 – 14.

"ஏழு இல்லம்மா" என்றார்.

"ஏழுதாம்பா. நான் சொல்றேன்ல?"

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "டைம் கீப்பர் சொன்னா சரிதான்" என்று சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

31ஆம் கம்பத்தில் 70 என்று படித்த அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அட்டையை மாற்ற ஒரு நிமிஷம் ஆகுமா என்று நீ கேட்டு எழுதியிருந்தாய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீ அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவர் உன்னிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அதற்காகத்தான் உன்னை வரவிடவில்லை. அவர் சாகும்வரை வரவிடவில்லை.

சித்தப்பாவுக்கும் எழுதிவிட்டேன். இனி நீ என்னை என்ன செய்தாலும் தகும்.

அக்கா


செப்டம்பர் 6

அக்கா,

உன் கடிதத்தை முதல்தடவை படித்தபோது கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன். எதிர்க் கரையில் என்னை நிற்க வைத்தாயே, அதற்கு. கடைசி வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று எழுதினாயே, அதற்கு. உன்மேல் எனக்கு இப்போதும் கோபம் இருக்கிறது. அது எப்போது போகும் என்று தெரியாது. மகளுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

இரண்டாம் தடவை படிக்கும்போது அந்தச் சுழி வரும் இடத்துக்கு மேல் போக முடியவில்லை. நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார், தேதியோடு. கிட்டத்தட்ட நாலு வாரம் அதை எப்படிப் பிடித்து வைத்திருந்தாரோ! பாழாய்ப்போன என் பரீட்சையில் அப்பா தேறிவிட்டார் அக்கா. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று ஜூன் கடிதத்தில் எழுதினேன். ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லாமலே போயிருப்பேன், நீ எழுதாமல் இருந்திருந்தால்.

ஜூன் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. அவர் விழுவதற்கு ஐந்து நாள் முன்பு. போனில் வழக்கம்போலக் கேட்டேன், வழக்கம்போலச் சரியாகச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்டக்டரே, உங்கக்காகிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். சரி சரிங்கறா, நம்ப மாட்டேங்கறா. நீ ஒரு வார்த்தை சொல்லேம்பா" என்றார். பின்னால் உன் குரல் கேட்டது. யாருக்கோ ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தாய், காற்று அடிக்கிற சத்தமும் கேட்டது. "பக்கத்துலதான் இருக்கா, கூப்பிடவா?" என்று அவரே கேட்டார்.

நான் சிரித்தேன். "வேணாம்பா. நீங்களே பாத்துக்குவீங்க" என்றேன்.

 அப்புறம் "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை முதல் ரயிலில் வருகிறேன். இதைப் படித்த பிறகு என்னைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் கடையைச் சாத்தி வை. நான் திரும்பிப் போய்விடுகிறேன்.

தம்பி